தோல்விக்கு மறுநாள், பேனா யார் கையில்?

வாக்கு எண்ணும் நாளில் ஊரே ஜெயித்த கட்சியின் அலுவலகத்தைப் பார்க்கும். என் கண் மட்டும் தோற்ற கட்சியின் மீதுதான் இருக்கும். காலையில் "தபால் வாக்குகள்தானே, பொறுங்கள்" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து "இன்னும் பல சுற்றுகள் பாக்கி இருக்கின்றன" என்பார்கள். மதியத்துக்கு மேல் தொலைக்காட்சி விவாதத்தில் அந்தக் கட்சிக்காரரின் நாற்காலி காலியாகிவிடும். சாயங்காலம் தலைவர் வருவார். மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறோம், வென்றவர்களுக்கு வாழ்த்துகள், தோல்விக்கு நானே பொறுப்பு. அவ்வளவுதான், கேள்விகளுக்கு இடமில்லை.

2014 மே 16 அன்று சோனியாவும் ராகுலும் செய்தியாளர்கள் முன் வந்து நின்றது இப்படித்தான். அன்று ராகுல் முகத்தில் இருந்த புன்னகையைப் பற்றி அடுத்த சில நாட்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். 44 இடங்களுக்குச் சுருங்கிப்போன கட்சியின் துணைத் தலைவர் எந்த முகத்தோடு வரவேண்டும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அழுதிருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு நிமிடம் பெரிய விஷயமில்லை. உண்மையான சண்டை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தோல்விக்குக் காரணம் என்ன என்பதை யார் எழுதுவது என்ற சண்டை அது. தலைவர் ராஜினாமா செய்தாரா இல்லையா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே நடப்பது இதுதான். இதை எப்படி முடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தக் கட்சி எழுந்திருக்குமா என்று சொல்ல முடியும் என்பது என் எண்ணம்.

காரணம் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். கூட்டணி சரியில்லை என்றால், கூட்டணி பேசியவர் மாட்டுவார். வேட்பாளர் தேர்வு தவறு என்றால், சீட்டுக் கொடுத்தவர். நம் சாதனைகள் கீழே போய்ச் சேரவில்லை என்றால், தலைமை தப்பித்துக்கொண்டது, கிளைச் செயலாளர் மாட்டிக்கொண்டார் என்று பொருள். உள்ளடி வேலை நடந்துவிட்டது என்றால், எதிர்க்கோஷ்டிக்காரர். ஊடகம், பணம், வாக்கு இயந்திரம் ஆகிய மூன்றில் மட்டும் கட்சிக்குள் யாருக்கும் சேதமில்லை. அதனால்தான் அந்த மூன்றும் எல்லா நாட்டிலும், எல்லாக் கட்சியிலும், ஒருமனதாக ஏற்கப்படுகின்றன. அவற்றில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே கட்சி முழுக்க ஒரே காரணத்தில் ஒற்றுமையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

2004இல் "இந்தியா ஒளிர்கிறது" என்று விளம்பரம் செய்து, தேர்தலையும் முன்கூட்டியே நடத்தி, பாஜக 138 இடங்களோடு நின்றது. காங்கிரஸ் 145. அந்த ஜூன் மாதம் மணாலியில் ஓய்வில் இருந்த வாஜ்பாய், தோல்விக்குக் குஜராத் கலவரமும் ஒரு காரணம் என்று வாயைத் திறந்தார். ஆறு வருடம் பிரதமராக இருந்தவர், கட்சியின் மிகப் பெரிய முகம். அவருக்கே கட்சிக்குள் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் காரணம் கட்சியின் கணக்கில் ஏறவே இல்லை. அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். வாஜ்பாயாலேயே அந்தப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் நான் கவனித்தது.

காங்கிரசுக்கு இதில் தனி முறையே உண்டு. அதன் பெயர் அந்தோணி கமிட்டி. 1999இல் கட்சி 114 இடங்களுக்கு இறங்கியபோது ஏ. கே. அந்தோணி தலைமையில் ஆய்வுக்குழு போட்டார்கள். 2014இல் 44க்கு இறங்கியபோதும் அதே அந்தோணி. அதற்குள் அவர் பத்து வருட மன்மோகன் சிங் ஆட்சியில் பெரும்பகுதி பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். தோற்ற ஆட்சியின் மூத்த அமைச்சரே தோல்விக்குக் காரணம் தேடுகிறார்! நல்ல மனிதர், கை சுத்தமானவர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள். பிரச்சினை அவர் குணத்தில் இல்லை. அறிக்கை தலைமையிடம் போய்ச் சேர்ந்தது. தோல்விக்கு ராகுல் காரணமில்லை என்று மட்டும் வெளியே சொன்னார்கள். கட்சித் தொண்டர் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

வாக்குச்சாவடி முகவராகப் பல தேர்தல்களில் உட்கார்ந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். எந்தத் தெருவில் வழக்கமான வாக்கு வரவில்லை என்று மதியமே சொல்லிவிடக்கூடியவர். தோற்ற தேர்தல் ஒன்றுக்குப் பிறகு ஆய்வுக்கூட்டம் போட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் பேசினார்கள், கீழே இருந்தவர்கள் கேட்டார்கள், சாப்பாடு போட்டார்கள். "என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னே தெரியல" என்றார் நண்பர். தோல்வி ஆய்வு என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்த ரகம்தான்.

2019இல் நிலைமை கொஞ்சம் மாறியது. காங்கிரஸ் 52 இடங்கள். தலைவராக இருந்த ராகுல் அமேதியில் ஸ்மிருதி இரானியிடம் தோற்றார், வயநாடு காப்பாற்றியது. மே 25 அன்று காரியக் கமிட்டியில் ராஜினாமா செய்கிறேன் என்றார். கமிட்டி ஒருமனதாக நிராகரித்தது. 2014இலும் இதே கமிட்டி இதே போல சோனியா, ராகுல் இருவரின் ராஜினாமா பேச்சையும் நிராகரித்திருந்தது. கூட்டத்தில் ராஜினாமா என்பார்கள், மூத்தவர்கள் கண் கலங்குவார்கள், தீர்மானம் போடுவார்கள், டீ வரும். ஆனால் இம்முறை அவர் விடவில்லை. ஜூலை 3 அன்று நான்கு பக்கக் கடிதத்தை வெளிப்படையாகவே போட்டுவிட்டார். கட்சி வளர வேண்டுமானால் பொறுப்பேற்பது அவசியம், பலர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது, தலைவரான நான் என் பொறுப்பை மறந்துவிட்டு மற்றவர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது அதன் சாரம்.

கடிதம் நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். ஆகஸ்டில் சோனியா காந்தி இடைக்காலத் தலைவரானார். அந்த இடைக்காலம் 2022 அக்டோபர் வரை, மூன்று வருடத்துக்கு மேல் நீண்டது. நடுவில் 2020இல் 23 தலைவர்கள் முழுநேரத் தலைமை வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். கடிதத்தில் இருந்ததைப் பற்றிப் பேசியதைவிட, அதை எழுதலாமா, இந்த நேரத்தில் எழுதலாமா, யார் வெளியே கசியவிட்டது என்றுதான் அதிகம் பேசினார்கள். கடைசியில் கார்கேயும் சசி தரூரும் போட்டியிட்டு, கார்கே ஜெயித்தார். ராஜினாமா நிஜமாகவே நடந்தது, ஆனால் அவர் காலி செய்த இடத்தில் யார் உட்கார்வது, தோல்வியை யார் ஆராய்வது என்று எந்த ஏற்பாடும் இல்லை. விலகுவது பொறுப்பின் ஒரு பாதி. இன்னொரு பாதி, விலகும் முறையை ஒழுங்கு செய்வது.

இதற்குப் பிரிட்டனில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன, பத்து வருட இடைவெளியில்.

2015 மே 8 காலை. லேபர் கட்சியின் எட் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ரட் கட்சியின் நிக் கிளெக், யூகிப் கட்சியின் நைஜல் ஃபராஜ் மூவரும் ஒரே முற்பகலில் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள். (ஃபராஜின் ராஜினாமாவைச் சில நாட்களில் அவர் கட்சி ஏற்க மறுத்து, அவரும் திரும்பி வந்துவிட்டார். அது வேறு நாடகம்.) பார்க்க எவ்வளவு கண்ணியமாக இருந்தது! மிலிபாண்ட் போனதும் லேபருக்கு ஹாரியட் ஹார்மன் தற்காலிகத் தலைவர். ஜூலையில் அரசு நலத்திட்ட வெட்டு மசோதாவைக் கொண்டுவந்தது. இரண்டாம் வாசிப்பில் எதிர்க்க வேண்டாம், வாக்கெடுப்பில் ஒதுங்கி நிற்போம் என்றார் ஹார்மன். 48 லேபர் எம்பிக்கள் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட நால்வரில் எதிர்த்து வாக்களித்தவர் ஜெரமி கோர்பின் ஒருவர்தான். செப்டம்பரில் அவர்தான் தலைவர். கோர்பின் வந்தது நல்லதா கெட்டதா என்பதில் லேபர்காரர்களே இன்றுவரை இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆனால் நாம் ஏன் தோற்றோம் என்ற கேள்வியைக் கட்சி உட்கார்ந்து பேசுவதற்கு முன்பே, யார் அடுத்த தலைவர் என்ற போட்டி அதை விழுங்கிவிட்டது என்பதில் பெரிய சர்ச்சை இருக்காது.

2005இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக்கேல் ஹோவர்டும் தோற்றார். மறுநாளே போகிறேன் என்று அறிவித்தார். ஆனால் உடனே போகவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கட்சி மறுபரிசீலனை செய்யட்டும், அதுவரை இருப்பேன் என்றார். அந்த விதி மாற்றம் கடைசியில் தோற்றுப்போனது. அது முக்கியமில்லை. அந்த ஏழு மாதத்தில் அவர் வேறொன்று செய்தார். டேவிட் கேமரூன், ஜார்ஜ் ஆஸ்போர்ன் என்ற இரண்டு இளைஞர்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அக்டோபர் மாநாட்டில் போட்டியாளர்கள் எல்லோரும் கட்சி முன்னால் பேச நேரம் கிடைத்தது. முன்னணியில் இருந்த டேவிட் டேவிஸ் சொதப்பினார், குறிப்பு எதுவும் இல்லாமல் பேசிய கேமரூன் மேலே வந்தார். டிசம்பரில் தலைவர், 2010இல் பிரதமர். அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்தவர் தோற்ற மனிதர்.

"உடனே ராஜினாமா செய்" என்று தேர்தல் இரவே கூச்சல் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். போகும் தேதியைச் சொல்லிவிட்டு இருப்பது வேறு, தேதியே சொல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு.

தலைவர் போகாமலே கட்சி மீண்ட கதையும் இருக்கிறது, கொஞ்சம் விசித்திரமான கதை. 1945இல் போரை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சில், போட்ஸ்டாம் மாநாட்டின் நடுவில் தேர்தல் முடிவுக்காக லண்டன் திரும்பினார். ஜூலை 26 அன்று முடிவு வந்தது, லேபருக்கு 393 இடங்கள். மாநாட்டுக்குத் திரும்பிப் போனவர் லேபர் தலைவர் அட்லி. இதுவும் மறைமுகமான ஒரு வரம்தான் என்று ஆறுதல் சொன்ன மனைவி கிளெமென்டைனிடம், இப்போதைக்கு ரொம்ப நன்றாகவே மறைந்திருக்கிறது என்றாராம் சர்ச்சில். அவர் ராஜினாமா செய்யவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் வேலையிலும் பெரிதாக மனம் வைக்கவில்லை, போர் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். கட்சியைத் தூக்கி நிறுத்தியவர்கள் மற்றவர்கள். வூல்டன் பிரபு கட்சி அமைப்பையும் உறுப்பினர் சேர்க்கையையும் பார்த்துக்கொண்டார். ஆர். ஏ. பட்லர் கொள்கைப் பக்கம் உட்கார்ந்தார். 1947இல் வந்த தொழில் சாசனம் என்ற கட்சியின் கொள்கை அறிக்கை, லேபர் கொண்டுவந்த மாற்றங்களில் பலவற்றைக் கன்சர்வேட்டிவ்கள் ஏற்றுக்கொண்டு வாழப் பழகிவிட்டார்கள் என்று சொல்லாமல் சொன்னது. சர்ச்சிலுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. 1951இல் மறுபடி பிரதமர் ஆனவர் அவர்தான்!

1984இல் பாஜகவுக்கு மக்களவையில் இரண்டே இடங்கள். இந்திரா கொலைக்குப் பிந்தைய அனுதாப அலையில் காங்கிரஸ் 400ஐத் தாண்டியிருந்தது. கட்சித் தலைவர் வாஜ்பாயே குவாலியரில் மாதவராவ் சிந்தியாவிடம் தோற்றார். அனுதாப அலை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், பொய்யும் இல்லை. அதற்குப் பதிலாக, பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தைக் கலைத்தது தவறா, பழைய வழிக்கே திரும்புவதா என்ற அளவுக்குக் கேள்வியை அவர்கள் தோண்டினார்கள். கிருஷ்ண லால் சர்மா தலைமையில் பணிக்குழு போட்டார்கள். 1986இல் அத்வானி தலைவரானார், 1989இல் 85 இடங்கள். அந்தப் பாதை நாட்டை எங்கே கொண்டுபோனது என்பதில் எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. ஆனால் தோல்வியை எடுத்துவைத்துப் பேசிய விதத்தில் ஒரு தீவிரம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அரசியல் விமர்சகர்கள் கண்டுகொள்ளாத இன்னொரு பக்கம், வெறும் கணக்கு. இத்தனை இடங்களுக்குக் கீழே போனால் ஒரு கட்சி என்னென்ன இழக்கிறது? கனடாவில் 12 எம்பிக்கள் இருந்தால்தான் அதிகாரபூர்வக் கட்சி. ஆராய்ச்சிக்கு நிதி, சபையில் கேள்வி கேட்கும் முறை எல்லாம் அதைச் சார்ந்தவை. 1993இல் ஆளுங்கட்சியாக இருந்த முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டே இடங்களுக்கு வந்தது. பிரதமர் கிம் கேம்பலும் தன் தொகுதியில் தோற்றார். நல்லவேளை, என் காரை விற்கவில்லை என்று அன்றிரவு ஜோக் அடித்தார், பாவம். ஆறில் ஒருவர் அந்தக் கட்சிக்கு வாக்களித்திருந்தும் சபையில் அதற்குக் கட்சி என்ற தகுதியே இல்லாமல் போனது. பத்து வருடம் கழித்து அது இன்னொரு கட்சியோடு இணைந்துவிட்டது.

இந்தியாவில் மக்களவையின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 இடங்கள் இருந்தால்தான் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஏற்பது வழக்கம். 2014இல் 44, 2019இல் 52. பத்து வருடம் அந்த நாற்காலியில் யாருமே இல்லை. இதன் விளைவு கட்சியோடு நிற்கவில்லை. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலின் தேர்வுக்குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அப்படி ஒருவர் இல்லாததால் மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த கார்கேயைச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள். வாக்கு இல்லாத அழைப்பாளராக வரமாட்டேன் என்று அவர் திரும்பத் திரும்ப மறுத்தார். முதல் லோக்பால் 2019 மார்ச்சில்தான் வந்தார். 2024இல் 99 இடங்கள் கிடைத்து ராகுல் எதிர்க்கட்சித் தலைவரானபோது, அதைத் தோல்வியா வெற்றியா என்று விவாதித்தவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மறந்துவிட்டார்கள்.

தமிழ் வாசகர்களுக்குக் காமராஜரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1967ஐ நாம் எப்போதும் தமிழ்நாட்டுத் தேர்தலாகவே நினைவு வைத்திருக்கிறோம். அவர் அப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். மக்களவையில் கட்சி 361இல் இருந்து 283க்கு இறங்கியது, பல மாநிலங்கள் கைவிட்டுப் போயின. தலைவரே விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அந்தத் தோல்வியோடு தில்லிக்குப் போய், இந்திராவா மொரார்ஜியா என்ற சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. இந்திரா பிரதமர், மொரார்ஜி துணைப் பிரதமர் என்று சமரசம் ஆனது. அந்த அறையில் தோற்ற மனிதராக உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர் அவர். 1967க்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்துகொண்டே போனது. 1969இல் கட்சி உடைந்தது.

சரி, பேனாவை வெளியே கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. என் வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 2012 தோல்விக்குப் பிறகு ரிபப்ளிகன் தேசியக் குழு 2013 மார்ச்சில் நீளமான ஆய்வறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டது. குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரியுங்கள், சிறுபான்மையினரிடமும் இளைஞர்களிடமும் போங்கள் என்றது. 2016இல் டிரம்ப் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் செய்து ஜெயித்தார். அறிக்கை தவறாகவும் இருக்கலாம், கட்சி அதைக் குப்பையில் போடவும் செய்யலாம். ஆனால் அங்கே எதை நிராகரிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தோணி அறிக்கையை யாரும் நிராகரிக்கக்கூட முடியாது, படித்தால்தானே.

தலைவர்கள் ஏன் விலகுவதில்லை என்பதற்குப் பதவி ஆசை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் பயமும்தான். 1977இல் ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் தோற்ற இந்திராவை அக்டோபரில் கைது செய்தார்கள். கட்சித் தலைமை கையைவிட்டுப் போயிருந்தால் அவர் வெறும் வழக்குக் கைதி. 1978 ஜனவரியில் கட்சியை உடைத்துத் தன் காங்கிரசை உண்டாக்கினார். 1980இல் 353 இடங்களோடு திரும்பினார். இலங்கையில் 2015 ஜனவரியில் தோற்ற மகிந்த ராஜபக்சவும் வீட்டில் உட்காரவில்லை. அடுத்த மாதமே நுகேகொடையில் அவருக்காகக் கூட்டம், ஆகஸ்டில் குருநாகலில் இருந்து எம்பி, பின்னர் தனிக் கட்சி, 2019இல் தம்பி ஜனாதிபதி. ரணில் விக்ரமசிங்க கதை இன்னும் வேடிக்கை. 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி ஒரு தொகுதியிலும் ஜெயிக்காமல் மொத்த வாக்குகளை வைத்துக் கிடைக்கும் ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடத்தோடு நின்றது. 1994இல் இருந்து தலைவராக இருந்தவர் அப்போதும் தலைமையை விடவில்லை. அந்த ஒற்றை இடத்தில் 2021 ஜூனில் அவரே உட்கார்ந்தார், 2022 ஜூலையில் ஜனாதிபதி. ஒட்டிக்கொண்டிருந்தால் பலன் உண்டு என்று தெற்காசியத் தலைவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் யார் நடத்த முடியும்? கட்சி என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

விலகினாலும் வாழ்க்கை உண்டு என்று தெரிந்த இடத்தில்தான் விலகுகிறார்கள். பிரிட்டனில் 1964இல் தோற்ற பிரதமர் டக்ளஸ்-ஹியூம் 1970இல் வேறொருவரின் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சர். 2001இல் தோற்ற மறுநாளே விலகிய வில்லியம் ஹேக் 2010இல் அதே பதவியில். மிலிபாண்ட் 2024இல் ஸ்டார்மரின் எரிசக்தி அமைச்சர். நம் பக்கத்தில் முன்னாள் தலைவர் என்றால் சுவரொட்டியில் ஒரு மூலையில் சின்னப் படம்.

ஆஸ்திரேலியாவில் 2019இல் லேபர் கட்சி ஜெயிக்கும் என்று கருத்துக்கணிப்புகள் எல்லாம் சொல்லியிருந்தன. தோற்றது. பில் ஷார்ட்டன் தலைவர் பதவியில் இருந்து விலகினார். முன்னாள் அமைச்சர் கிரேக் எமர்சனும் முன்னாள் மாநிலப் பிரதமர் ஜே வெதரிலும் ஆய்வு செய்து, ஆறு மாதத்துக்குள் அறிக்கையை ஊருக்கே வெளியிட்டார்கள். பலவீனமான உத்தி, அளவுக்கு மீறிய வாக்குறுதிகள், மக்களுக்குப் பிடிக்காத தலைவர் என்று மூன்று காரணங்களை வரிசையாகவே எழுதினார்கள். கடைசிக் காரணத்துக்கு உரியவர் அதைப் படித்துவிட்டுக் கட்சியிலேயே இருந்தார். 2022இல் அந்தோணி அல்பனீசி ஜெயித்தபோது, அமைச்சராகப் பதவியேற்றவர்களில் பில் ஷார்ட்டனும் ஒருவர்.